பதினோராம் குழிக்குப் பின் வரும் ஏற்றம்

வியாழக்கிழமை, மணி இரண்டு பத்து. நான்கு மணிக்குள் இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தியாக வேண்டும். ஒன்றில் ஏற்கலாம் என்றிருக்கிறது, இன்னொன்றில் திருத்துக. நான் மூன்றாவது தடவையாக ஏழாம் குழியின் கொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன், நிற்பது திரையில்தான், கால்கள் நாற்காலிக்குக் கீழே மரத்துப்போய்க் கிடக்கின்றன, இந்த மைதானம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. காலையில் நன்றாக இல்லை என்று தோன்றியது. சாப்பிட்ட பிறகு பரவாயில்லை என்று தோன்றியது, அது மோர்க்குழம்பின் வேலையாகவும் இருக்கலாம். இது கம்ப்யூட்டரில் ஆடும் கோல்ஃப். மைதானத்தையும் நாமே வரைந்து மற்றவர்களுக்கு ஆடக் கொடுக்கலாம், மேட்டை எழுப்பலாம், குளம் வெட்டலாம், மரம் நடலாம், பதினெட்டுக் குழிகளை எங்கே வேண்டுமானாலும் தோண்டலாம். தமிழ் பேசுகிறவர்கள் முந்நூறு பேர் இதற்கென்று ஒரு குழு வைத்திருக்கிறோம். புதிதாக வரைகிறவர்களின் முதல் மைதானத்தை எங்களில் ஒருவர் இரண்டு முறை முழுதாக ஆடிப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆடுவார்கள். திருத்தச் சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போகும். வரிசையில் இப்போது நாற்பத்திரண்டு நிற்கின்றன, வாரத்துக்கு ஒன்றுதான் பார்க்கிறோம், ஆக ஏறக்குறைய ஒரு வருஷம். இதை வரைந்தவர் பெயர் லூர்துசாமி. மைதானத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் திங்கட்கிழமை. ஏன் திங்கட்கிழமை என்று புரியவில்லை. மற்றவர்கள் சொர்க்கபுரி, மரகதத் தீவு என்றெல்லாம் வைப்பார்கள். குறிப்பு எழுதும் இடத்தில் இவர் ஒரே வரி எழுதியிருக்கிறார், தயவு பார்க்காமல் சொல்லவும்.

தயவு பார்க்காமல் சொல்வது எனக்குப் புதிதல்ல, இருபத்திரண்டு வருஷமாக அதற்குத்தான் சம்பளம். துவாக்குடியில் கொதிகலன் குழாய் செய்கிற பட்டறையில் வெல்டிங்குக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, மெல்லிசாகக் கோடு தெரிந்தால் விரிசல். அளந்து பார்த்து, புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குள் இருந்தால் சரி என்று எழுதுவேன், தாண்டினால் ரிப்பேர். வெல்டர் வந்து என்ன மேடம் நம்ம ஜாயின்ட்டு பாஸா என்பார், மூணாவதுல ஓட்டை என்பேன், அடப் போங்க மேடம் உங்க கண்ணுல ஓட்டை என்று சொல்லிவிட்டுப் போய் அரைத்தெடுத்து மறுபடி பற்றவைத்துக் கொண்டுவருவார். என்னால் எந்த வெல்டரும் தொழிலை விட்டதில்லை. காரணம் நான் நல்லவள் என்பதல்ல, புத்தகம் இருக்கிறது. ரெண்டு மில்லிமீட்டர் என்றால் ரெண்டு மில்லிமீட்டர், அதில் என் மனசுக்கு வேலை இல்லை. இங்கே புத்தகம் இல்லை. லூர்துசாமியின் மைதானத்தில் குழிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன, பந்திப்பாய் விரித்த மாதிரி போவதும் வருவதுமாக. ஒரு குழியை முடித்து நிமிர்ந்தால் அடுத்ததற்கு முதல் அடி அடிக்கிற ஆரம்பத் திட்டு இருபதடியில் நிற்கிறது. பார்த்து வாய்பிளக்க அருவி இல்லை, கடல் இல்லை, சாக்கடை மாதிரி ஒரு வாய்க்கால், அதுவும் வறண்டது. இதெல்லாம் குறையா அல்லது நான் அருவிகளுக்குப் பழகிப்போனேனா? பதினாலாம் குழியில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை, கொடி நிற்கிற புல்தரை கூரை ஓடு மாதிரி சரிந்திருக்கிறது, பந்து குழியைத் தொடப் போய்விட்டுத் திரும்பி என் காலுக்கே வருகிறது. அது ஓட்டை. சந்தேகமே இல்லை என்று எழுதியதும் சந்தேகம் வருகிறது. கரூர் பெண்ணின் மூன்றாம் குழியிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஹேமலதா. படம் வைக்கவில்லை, ஒரு பூனைப் படம் வைத்திருந்தாள், வயசு இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், அறுபதாகவும் இருக்கலாம். போன வருஷம் ஆவணி மாதம். மூன்றாம் குழியில் பந்து எங்கே விழுந்தாலும் வழுக்கி மணல் பள்ளத்துக்குள் போனது. இந்தக் குழிக்கு மட்டை வேண்டாம், வழுக்கி விழுந்தே ஆடிவிடலாம் என்று எழுதினேன். உண்மைதான். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன், அப்போது நினைக்கவில்லை, ஒரு வெல்டரிடம் சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். இருபத்து மூன்று பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். எண்ணினேன், அன்றைக்கு எண்ணியது சந்தோஷத்தில். மறுநாள் காலை மைதானத்தைக் காணோம், பூனையையும் காணோம். கீழே நாலு வரி தள்ளி நான் எழுதியிருந்தேன், உங்கள் பத்தாம் குழி மாதிரி ஒன்றை இந்தக் குழுவில் யாரும் வரைந்ததில்லை என்று. அதுவும் உண்மைதான். அதை அவள் படித்தாளா, மூன்றாம் குழியோடு மூடிவிட்டாளா? அதிலிருந்து எனக்கு எழுத வரவில்லை. இரண்டு தடவை கெடுவைத் தவறவிட்டேன். தவறவிட்டால் மைதானம் வரிசையில் அதே இடத்தில் நிற்கும், வரைந்தவர் திருத்திக்கொண்டிருக்கலாம், அடுத்த வியாழன் வேறொருவர் பார்ப்பார், தவறவிட்டவர் பெயருக்கு மட்டும் ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் பார்வையாளர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதற்குப் பயந்து மறுபடி எழுத ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். அருமை, அழகு, தொடர்ந்து வரையவும். குழுவை நடத்துகிற சுதர்சன் ஒருநாள் எல்லோரும் பார்க்கவே கேட்டார், "மங்கை மேடம், நீங்க எழுதுறது கருத்தா, கல்யாண வாழ்த்தா? பதினாறும் பெற்றுன்னு ஒண்ணுதான் பாக்கி." அதற்கும் சிரிப்பு முகங்கள். அதை நான் எண்ணவில்லை, எண்ணாமலே தெரிந்தது.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல், "இன்னும் புல்லு வெட்டி முடியலையா?" இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்கிற கேள்விகளில் எதற்குப் பதில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரிந்துவிட்டது. போன் அடிக்கிறது. தெரியாத எண். எடுத்தால் இருமல், பிறகு, "மேடம், நான் லூர்து. திங்கட்கிழமை லூர்து." முடிவு வரும்வரை வரைந்தவர் பார்வையாளரிடம் பேசக் கூடாது என்பது குழுவின் வழக்கம், எண்கள் பட்டியலில் இருந்தாலும் யாரும் கூப்பிட்டதில்லை. கேட்கப் போகிறார், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகிறார். "பேசக் கூடாதுன்னு பொண்ணு சொல்லுச்சு மேடம். ஒண்ணே ஒண்ணுதான். ஒன்பதாவது குழிக்குப் பக்கத்துல தண்ணிக் குழாய் ஒண்ணு வச்சேன். என் ஸ்கிரீன்ல காணோம். உங்களுக்குத் தெரியுதா?" போய்ப் பார்க்கிறேன். குழாய் இருக்கிறது. "மரத்துக்குள்ள இருக்குங்க." "மரத்துக்குப் பின்னாலயா?" "உள்ள. மரத்தோட வயித்துல." அவர் சிரிக்கிறார், அடச்சே என்கிறார், கம்ப்யூட்டர் எலியைப் பிடிக்கிறதே இப்பத்தான் பழகுறேன் மேடம் என்கிறார். அந்தக் குழாயை யாரும் பார்க்கப் போவதில்லை, பந்துக்கு அது குறுக்கே இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, அதற்காக ஒரு மனிதர் வழக்கத்தை மீறிக் கூப்பிடுகிறார். எதற்குங்க குழாய் என்று கேட்டேன். "ஒன்பது குழி நடந்தா தாகம் எடுக்குமில்ல?" யாருக்கு எடுக்கும் என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்புறம்தான் சொன்னார். மலை மேலே ஒரு கோல்ஃப் கிளப்பில் முப்பத்தோரு வருஷம் பை தூக்கியிருக்கிறார். ஆடுகிறவர் முன்னால் நடப்பார், பதினாலு மட்டையுள்ள பையைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் பின்னால். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை, அன்றைக்கு மட்டும் பை தூக்குகிறவர்கள் உடைந்த மட்டைகளை வைத்துக்கொண்டு ஆடிக்கொள்ளலாம், அதனால் மைதானத்துக்கு அந்தப் பெயர். "சார் எங்கிட்ட..." என்று நான் தொடங்கியதும் தடுத்தார், "சார்னு மட்டும் சொல்லாதீங்க மேடம், அது நான் அவங்களைச் சொன்னது." சரி, அண்ணே என்றேன். மேடத்தை அவர் விடவில்லை. "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு போட்டுருங்க. பந்து குளத்துல போய் விழும், குட் ட்ரை சார்ம்பேன். மரத்துல அடிச்சுத் திரும்பி வரும், மரம் தப்பான எடத்துல இருக்கு சார்ம்பேன். முப்பத்தோரு வருஷம் அதச் சொல்லித்தான் சோறு தின்னேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்ல வேணாம்." அடுத்தவாரம் திருத்தித் தரலாமே, அவசரம் ஒன்றும் இல்லையே என்று நான்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அடுத்த வாரமெல்லாம் இல்லை என்றார், லேப்டாப் மகளுடையது, அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ். அதை ஒரு தகவலாகச் சொன்னார், கரண்ட் இல்லை என்று சொல்வது மாதிரி. வச்சிடறேன் மேடம் என்று வைத்துவிட்டார். எனக்கு வைக்க முடியவில்லை.

மூன்று ஐந்து. லேப்டாப் ஓசூருக்குப் போவது மைதானத்தின் குணமா? இல்லை. வெல்டர் வீட்டில் கல்யாணம் என்பதால் படத்தில் இருக்கிற புள்ளி சின்னதாகுமா? ஆகாது. ஆனால் கல்யாணம் முடியட்டும், வந்து அரைத்துக்கொள் என்று சொல்லலாம், பட்டறையில் குழாய் அங்கேயே கிடக்கும். இங்கே திருத்துக என்று அழுத்தினால் அடுத்த வருஷம் திருத்த அவரிடம் எதுவும் இருக்காது. ஏற்கலாம் என்று அழுத்தினால் ஞாயிறு காலை முந்நூறு பேர் பதினாலாம் குழியில் போய் நிற்பார்கள், பந்து காலுக்குத் திரும்பி வரும், சிரிப்பு முகம் வரும், அவர் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வருவதற்குள் எண்பது வந்திருக்கும். ஏற்பதுதான் குட் ட்ரை சார். அதைத்தான் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் வேண்டாமா? ஹேமலதாவும் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள் ப்ளீஸ் என்றுதான் எழுதியிருந்தாள். மின்விசிறி ஒன்றிலேயே ஓடுகிறது, எழுந்து கூட்டி வைக்கலாம், எழுந்தால் உட்கார மாட்டேன். குழி ஒட்டிக் கிடப்பது இப்போது புரிகிறது. இந்த விளையாட்டில் யாரும் நடப்பதில்லை. பந்து குழிக்குள் விழுந்ததும் திரை கறுத்து அடுத்த குழியில் திறக்கும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் தூரத்தைத் தோளால் வரைந்திருக்கிறார். முடித்த இடத்திலிருந்து இருபதடியில் அடுத்தது தொடங்கினால் பையை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. அப்படியானால் அது குறை இல்லையா? திரையில் ஆடுகிறவனுக்கு அது குறைதான், சலிப்பாக இருக்கும். யாருக்காக நான் எழுதுகிறேன்?

விசைப்பலகையில் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் மெதுவாக நடக்கலாம், வரைகிறவர்கள் மரத்தை நகர்த்துவதற்காக வைத்த வசதி. பிடித்துக்கொண்டேன். முதல் குழியிலிருந்து நடக்கிறேன். மட்டை இல்லை, பந்து இல்லை, புல் மட்டும் மெதுவாக என் பக்கம் வருகிறது. ஒவ்வொரு ஆரம்பத் திட்டுக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு மரம், நிழல் கிழக்கே விழுகிறது, பை தூக்குகிறவன் காத்து நிற்கிற இடத்தில். நாலாம் குழியில் ஒரு கல், உட்காருகிற உயரம். ஆறில் இன்னொன்று. இதெல்லாம் காலையில் என் கண்ணில் படவில்லை, நான் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் வலிக்கிறது, மாற்றிக்கொள்கிறேன். மூன்று முப்பத்தொன்று. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ஆடாம நடந்துக்கிட்டிருக்க? சுகர் ஏறிடுச்சா?" என்று சொல்லிவிட்டு டீ டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார். பதினோராம் குழி முடிந்தது. பன்னிரண்டின் திட்டைக் காணோம். அம்புக்குறியைப் பிடித்தபடியே இருக்கிறேன், தரை ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, மரம் இல்லை, கல் இல்லை. இருநூற்று நாற்பது கஜம், செங்குத்தாக. எனக்குள் என்னமோ நிமிர்ந்தது, இதுதான், இதுதான் புத்தகம், அவருடைய அளவுகோலாலேயே அவர் தப்பு செய்திருக்கிறார், எல்லா இடத்திலும் தோளை நினைத்தவர் இங்கே மறந்துவிட்டார். இதைச் சொன்னால் அவருக்கு வலிக்காது, ஒப்புக்கொள்வார், வெல்டர் மாதிரி அரைத்துக்கொண்டு வருவார். எழுதினேன், நடப்பவரை நினைத்து வரைந்த மைதானத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே உள்ள ஏற்றம் பொருந்தவில்லை. எழுதியதும் நாமே கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. வழக்கத்தை அவர் ஏற்கெனவே மீறிவிட்டார், பாதி மீறல் முழு மீறல் என்று இரண்டு இருக்கிறதா?

கூப்பிட்டு, மைதானத்தை நடந்து பார்த்ததைச் சொன்னேன். "நடந்தீங்களா மேடம்?" என்றார். நடந்தேன் என்றேன். அவருக்குப் பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. "யாரும் நடக்க மாட்டாங்கன்னு பொண்ணு சொல்லுச்சு." "அந்த ஏத்தத்துல பையைத் தூக்கிட்டு யாருண்ணே ஏறுறது? நிழலுக்கு ஒரு மரம்கூட இல்ல. மறந்துட்டீங்களா?" "மறக்கல மேடம். அங்க ஆடுறவங்களுக்கு மூச்சு வாங்கும். ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க. பதினெட்டுக் குழியில குட் ஷாட் சொல்லாம நான் நடக்குற எடம் அது ஒண்ணுதான். பத்து நிமிஷம். நெழல் இருந்தா நின்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க." எழுதியதை அழித்தேன். ஒரு கணம் முன்பு அது குறை, இப்போது அதுதான் மைதானத்திலேயே நல்ல இடமாகத் தெரிகிறது, ஆனால் திரையில் ஆடுகிற ஒருவனும் அந்த இடத்தைப் பார்க்கப் போவதில்லை, அவனுக்குப் பதினொன்று முடிந்ததும் திரை கறுத்துப் பன்னிரண்டு திறக்கும். யாரும் பார்க்காத நல்ல இடம் நல்ல இடமா? நான் பார்த்துவிட்டேன், அது கணக்கில் வருமா? மூன்று ஐம்பத்திரண்டு. இப்போது சொல்லாவிட்டால் சொல்ல மாட்டேன். "அண்ணே, பதினாலாவது குழி சரியில்ல." சொல்லிவிட்டேன். சிரிப்பு சேர்க்கவில்லை, அழகு சேர்க்கவில்லை. குக்கர் சத்தம் நின்றிருந்தது. "என்ன சரியில்ல?" "பந்து நிக்காது. அவ்வளவு சரிவு." "நிக்கும். நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கேன், அந்தச் சரிவுதான்." "உங்க கிளப்புல புல்லு எவ்வளவு உயரம்?" "மழைக்காலத்துல விரக்கடை இருக்கும். வெட்ட ஆளு வரணுமே." "இங்க தலைமுடியைச் சிரைச்ச மாதிரி இருக்குண்ணே. எண்ணெய் தடவின தட்டுல கோலி உருட்டுற மாதிரி. அந்தச் சரிவு உங்க புல்லுக்கு. இந்தப் புல்லுக்கு இல்ல." பேச்சில்லை. ஹேமலதாவும் இப்படித்தான் திரைக்கு முன்னால் பேசாமல் இருந்திருப்பாள், அன்றைக்கு அது எனக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறது, கேட்பது எவ்வளவோ மேல், இல்லை, இது அதைவிட மோசம். வைத்துவிடுவாரா?

"அப்ப புல்லை நீளமா வச்சுக்கலாமே?" "அது உங்க கையில இல்லண்ணே, ஆடுறவங்க வைக்கிறதுதான், எல்லாரும் ஒட்ட வெட்டித்தான் வைப்பாங்க. சரிவைத்தான் குறைக்கணும்." "சரிவைக் குறைச்சா அது பதினாலாவது குழியே இல்ல மேடம்." "குறைக்கலைன்னா யாரும் பதினஞ்சுக்கு வரவே மாட்டாங்க. இப்படியே நான் ஏத்துக்க மாட்டேன். திருப்பி அனுப்பவும் மாட்டேன், அனுப்பினா அடுத்த வருஷம் ஆயிடும். நாலு மணிக்கு நான் ஒண்ணும் அழுத்தலைன்னா மைதானம் அதே எடத்துல நிக்கும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்க திருத்தலாம். அடுத்த வியாழக்கிழமை வேற ஆளு பார்ப்பாங்க." "உங்களுக்கு?" "எனக்கு ஒரு கோடு." மூன்றாவது என்று சொல்லவில்லை. சொல்லாதது தயவா, பொய்யா? திரையின் மூலையில் மூன்று ஐம்பத்தொன்பது என்றிருந்தது, இரண்டு பொத்தான்களும் ஒரே மாதிரி பச்சையாக இருந்தன, பிறகு ஒரே மாதிரி சாம்பலாகிவிட்டன. அவ்வளவுதான். என்னமோ கை சும்மா இருக்கிற மாதிரி இருந்தது. "எவ்வளவு குறைக்கணுங்கிறீங்க?" என்றார், குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. "பாதி." "பாதியா! கால்வாசி." "பாதிண்ணே." "நீங்க ஒருநாளாவது அந்த மாதிரி எடத்துல மட்டையப் பிடிச்சு நின்னிருக்கீங்களா மேடம்?" "கோல்ஃப் மட்டையைக் கையால தொட்டதே இல்ல." "அப்புறம் எப்படிப் பாதிங்கிறீங்க?" எப்படிச் சொல்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. "பதினெட்டுத் தடவை அடிச்சுப் பார்த்தேன். பதினேழு தடவை காலுக்கே வந்துச்சு." "அந்த ஒண்ணு?" "அது நின்னுச்சு. எப்படி நின்னுச்சுன்னு தெரியல." மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம், மகளே அந்தக் கண்ணாடிய எடு என்று அதட்டினார், பிறகு குரல் பக்கத்தில் வந்தது, மேடம் இல்லாமல் வந்தது. "அதைச் சொல்லும்மா மொதல்ல. எந்தப் பக்கம் நின்னு அடிச்ச?"